தபால்காரர் தோற்ற கதை

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஜிம்மியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் நாய் மோமோ குரைப்பதைப் பற்றி உங்கள் குடியிருப்புச் சங்கத்தார் இரண்டாம் முறையாகக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அதன் கழுத்தில் மாட்டுவதற்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் பட்டை ஒன்றை மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார் என்றும் நேற்று இரவு நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது; ஆகவே எழுதுகிறேன். அந்தப் பட்டையை இப்போது வாங்க வேண்டாம். நான் சொல்வதை ஆறு வாரம் செய்து பாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

நாய் குரைப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. தோட்டப்பாளையத்திலும் காகிதப்பட்டறையிலும் 31 ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொண்டு போனவன் நான். என் மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் குரைக்கத் தொடங்கும் நாய்கள் எத்தனையோ இருந்தன. அவற்றுக்கெல்லாம் என்மேல் ஏதோ பகை என்றுதான் அப்போது நினைத்தேன். ஓய்வு பெற்று வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜிம்மி புதுத் தபால்காரரைக் குரைத்து விரட்டுவதைத் தினமும் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. நாய் குரைத்தது; தபால்காரர் போய்விட்டார். கடிதத்தைப் போட்டுவிட்டு அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது நாய்க்கு எப்படித் தெரியும்? தான் குரைத்ததால்தான் போனார் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு நாளும் தவறாமல் கிடைக்கும் வெற்றி அது. நான் 31 ஆண்டுகள் ஒவ்வொரு வாசலிலும் தோற்றுவிட்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மோமோவின் கதையும் இதுதான். மின்தூக்கிக் கதவு திறக்கும் சத்தம், பக்கத்து வீட்டாரின் காலடி, உணவு கொண்டுவரும் பையன் எல்லாமே வருகின்றன, அது குரைக்கிறது, அவை போய்விடுகின்றன. அதற்கு அதட்டல் உதவாது. ஜிம்மி குரைக்கும்போது நான் உள்ளிருந்து "சும்மா இரு" என்று உரக்கக் கத்துவேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஊக்கத்தோடு குரைக்கும். வீட்டுப் பெரியவரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்று அது எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவோ அதன் வாயை அடைக்க ஒரு பிஸ்கட்டைப் போடுவாள். குரைத்தால் பிஸ்கட் என்று பாடம் நடத்தியது அவள். கூடக் கத்தியது நான். குற்றம் முழுவதையும் அந்த நான்கு கிலோ சடை நாயின் தலையில் போட்டோம்.

முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து ஒரு வாரம் குறித்து வை. எந்த நேரம், எதைப் பார்த்து அல்லது கேட்டு, எவ்வளவு நேரம் என்று மூன்றே குறிப்பு போதும். நான் எழுதிப் பார்த்தபோது முக்கால்வாசிக் குரைப்பு வாசல் கேட்டின் கம்பிகள் வழியே தெருவைப் பார்த்து வந்தது; மிச்சம், நாங்கள் சாப்பிட உட்காரும்போது கேட்டு வாங்கும் குரைப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. நீங்கள் வெளியே போன பிறகு மட்டும் அது விடாமல் குரைத்து ஊளையிட்டால் அது தனிமைப் பயம். அதற்கு இந்தக் கடிதம் போதாது, கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். எப்படியும் ஒருமுறை அவரிடம் காட்டிவிடு. காதில் சீழ், மூட்டு வலி என்று இருந்தாலும் நாய் சிடுசிடுப்பாகக் குரைக்கும்.

கேட்டின் கீழ்ப்பாதியில் பச்சை வலையை இரட்டையாக மடித்துக் கட்டினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அன்றைக்கே பாதிக் குரைப்பு குறைந்தது. உன் வீட்டில் பால்கனிக் கம்பிக்கும் சன்னலின் கீழ்ப்பகுதிக்கும் ஏதாவது ஒட்டி மறைத்துவிடு. பார்க்காததைப் பார்த்துக் குரைக்க முடியாது.

சத்தத்தை மறைக்க முடியாதே என்பாய். அதற்குத்தான் அழைப்பு மணியைச் செல்பேசியில் பதிவு செய்துகொண்டேன். ஜிம்மி சாப்பிடும்போது அதன் காது இலேசாக அசையும் அளவுக்கு மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டேன். கூடவே தட்டில் அவித்த கோழித் துணுக்கு ஒன்று விழும். தினமும் ஒலியைக் கொஞ்சம் கூட்டி, பத்துப் பன்னிரண்டு நாளில் முழுச் சத்தத்துக்கு வந்தோம். நடுவில் ஒருநாள் அவசரப்பட்டு ஒலியை ஏற்றிவிட்டேன். மறுபடி மூன்று நாள் பின்னால் போக வேண்டியதாயிற்று. மணியடித்தால் சோறு வரும் என்று நாயின் வாயில் எச்சில் ஊறவைத்த பாவ்லோவைப் பற்றி நீ எட்டாம் வகுப்பில் சத்தம் போட்டுப் படித்தது என் நினைவில் இருந்தது. உன் படிப்புக்குக் கட்டிய பணம் வீண்போகவில்லை.

அடுத்தது "போதும்" என்ற சொல். இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், நான் தவறு செய்த இடம் இதுதான். மணி அடித்தால் இரண்டு முறை குரைக்கட்டும். அது காவல், அதன் உரிமை. பிறகு தணிந்த குரலில் "போதும்" என்று சொல்லி, மூடிய கைக்குள் கோழித் துணுக்கை அதன் மூக்கருகே காட்டு. மோப்பம் பிடிக்கும் நாயால் அதே நேரத்தில் குரைக்க முடியாது. வாய் மூடிய அந்தக் கணத்தில் "நல்ல பிள்ளை" என்று சொல்லிக் கொடுத்துவிடு. முதலில் இரண்டு நொடி அமைதிக்கு ஒரு துணுக்கு, பிறகு ஐந்து நொடிக்கு, பிறகு பத்துக்கு என்று நீட்டு. துணுக்கு புளியங்கொட்டை அளவுக்குமேல் வேண்டாம். எனக்குக் கண் மங்கல், கை தாமதம். நான் டப்பாவைத் திறந்து எடுப்பதற்குள் ஜிம்மி மறுபடி ஒருமுறை குரைத்துவிடும், நானும் அதைக் கவனிக்காமல் கொடுத்துவிடுவேன். மூன்றாம் வாரம் பார்த்தால், யாரும் வராத வாசலைப் பார்த்து இரண்டு முறை குரைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு என்முன் வந்து உட்காருகிறது! குரைத்து நிறுத்தினால்தான் கூலி என்று புரிந்துகொண்டிருக்கிறது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதன் பிறகு குரைக்கத் தொடங்குவதற்கு முன்பே, தெருவில் ஆள் நடக்கும் சத்தம் கேட்டும் அது பேசாமல் இருக்கும் நேரங்களில் கொடுக்க ஆரம்பித்தேன். கூடத்து மூலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, மணி கேட்டதும் அங்கே போய்ப் படுத்தால் அங்கேயே கிடைக்கும் என்றும் பழக்கினேன். கோழி வாசனை எப்போதும் மடியில் இருக்கிறது என்று அம்மா என் வேட்டியைத் தனியாகத் துவைத்தாள்.

கேட்டு வாங்கும் குரைப்புக்கு ஒரே வழி, கொடுக்காமல், பேசாமல், பார்க்காமல் இருப்பதுதான். இதில் ஒரு சோதனை உண்டு. இதுவரை பலித்தது பலிக்கவில்லை என்றதும் நாய் அடங்காது. முன்பைவிட உரக்க, நீளமாகக் குரைத்துப் பார்க்கும். அந்த நான்கைந்து நாளைத் தாண்டிவிட்டால் தணியும். அம்மா நான்காம் நாள் மனம் இளகி இட்லித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பது மோசம், செல்வி. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தும்வரை, என்றைக்கோ விழுந்த ஐம்பது ரூபாயை நம்பித் தினமும் சீட்டு வாங்கிய மனிதர்களை நான் என் தெருக்களில் பார்த்திருக்கிறேன். நாயும் அப்படித்தான் விடாமல் முயலும். ஆகவே உன் வீட்டில் மூவரும் ஒரே பேச்சாக இருங்கள். குழந்தையிடமும் விளக்கிச் சொல்.

பகலெல்லாம் அடைந்து கிடக்கும் நாய்க்குக் குரைப்பதைத் தவிர வேறு வேலை ஏது? இங்கே வெயில் உனக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை நாயின் பாதத்துக்கு ஆகாது. நான் ஐந்தரைக்கே கூட்டிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போய்விடுகிறேன். வேகமாக நடப்பதைவிட அது நின்று நின்று மோந்து பார்க்க விடுவதுதான் அதைக் களைப்படையச் செய்கிறது. பெங்களூரில் உனக்கு அந்த வெயில் தொல்லை இல்லை, காலை அரை மணி, மாலை அரை மணி ஒதுக்கு. நேரமில்லாத நாளில் பழைய துண்டில் அதன் தீனியைத் தூவி, சுருட்டி, முடிச்சிட்டுக் கொடு. ஜிம்மிக்கு அதை அவிழ்க்க இருபது நிமிடம் ஆகும்.

மின்பட்டையைப் பற்றி இனி மாப்பிள்ளையிடம் நீ சொல்ல வேண்டியது. வலி வரும்போது நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதனால்தான் வலித்தது என்று அது முடிவு கட்டிவிடும். வாசலில் எதிர்வீட்டுக் குழந்தை நிற்கும்போது வலித்தால், அடுத்த முறை அந்தக் குழந்தையைக் கண்டாலே பயப்படும். பயந்த நாய் கடிக்கும். குரைக்கவும் உறுமவும் கூடாது என்று அடக்கப்பட்ட நாய் முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். தபால்காரனாக இருந்தபோது என் கணுக்காலைப் பிடித்த இரண்டு நாய்களும் குரைக்காதவை. பட்டை வேண்டாம் என்று மாமனார் சொன்னதாகச் சொன்னால் அவர் வருத்தப்படுவார். தபால்காரர் சொன்னதாகச் சொல்.

சங்கத்தாருக்கு நீயே நேரில் போய், பழக்கிக்கொண்டிருக்கிறோம், ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நான் அப்படிச் சொன்ன பிறகு, அவரே தினம் ஒருமுறை வந்து மணியடித்து ஜிம்மிக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஜிம்மி இப்போது இரண்டு முறை குரைக்கும், சாக்குக்குப் போய்விடும். பூம்பூம் மாட்டுக்காரர் உறுமியோடு வரும் நாளில் மட்டும் எந்தச் சொல்லும் எடுபடுவதில்லை. அன்றைக்கு நான் "போதும்" சொல்வதும் இல்லை; சொல்லி மதிக்காமல் போனால் அந்தச் சொல் கெட்டுவிடும்.

அம்மாவின் தம்பி வெள்ளிக்கிழமை காட்பாடியில் பிருந்தாவன் வண்டி ஏறி உன் வீட்டுக்கு வருகிறார். ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டு பெட்டி கொடுத்தனுப்புகிறோம். அதற்குள் உலர்திராட்சை வைத்திருப்பார்கள். நாய்க்குத் திராட்சை விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குழந்தை பாசத்தில் மோமோவுக்கு ஊட்டிவிடாமல் பெட்டியை மேல் அலமாரியில் வை.

அன்புடன்,
அப்பா