ஸ்வால்பார்ட் கயாக் பயணம்: போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. ஜூலை கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதலில் விசா. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம்தான், ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள முக்கிய ஊரான லாங்இயர்பியனிலிருந்து திரும்பும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இருமுறை நுழைவு விசா கேட்டு வாங்குங்கள். ஒருமுறை விசா போதாது.

குளிர் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். காற்றை விடுங்கள், பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. ஜூலையிலும் சில டிகிரிதான். கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் சொல் கேட்காது. பதறாமல் கயாக்கைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருங்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போகும். ஏறுவதென்றால் அதற்குள் ஏற வேண்டும். டிரைசூட் (உடம்பு நனையாமல் மூடும் உடை) தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தராது. உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ் போடுங்கள். பருத்தி பனியன் கூடவே கூடாது. டிரைசூட்டின் கழுத்து ரப்பர் தொண்டையை நெரிப்பது போல இருக்கும், பழகிவிடும்.

பனியாறு கடலில் வந்து முடியும் முகப்பில் வழிகாட்டி நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டாதீர்கள். பனி இடிந்து விழுந்தால் அலை வரும். போட்டோவுக்காகத் தாண்டுகிறவர் நம் குழுவிலேயே இருக்கிறார், பெயர் சொல்லவில்லை!

துருவக் கரடிக்கு ஜூலையில் 300 மீட்டர் தள்ளி நிற்பது சட்டம். கரையில் துப்பாக்கி வழிகாட்டியிடம்தான் இருக்கும். ஒதுங்கப் போனாலும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உயரம், எடை, செருப்பு அளவு மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.