பனி வருமுன் புல்லைக் கவனி

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லெனேசியா வீட்டுப் புல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். பச்சையாக இருக்கும்வரை புல்லை யாரும் நினைப்பதில்லை. மே மாதம் வெளுத்த பிறகு உரக்கடைக்கு ஓடுவார்கள். அப்போது போடுவதைப் புல் எடுத்துக்கொள்ளாது.

நீ வளர்ந்த ஊரில் உறைபனியே கிடையாது. இங்கே நம் வாசலில் இருப்பது பெரியா புல், வருஷம் முழுக்கப் பச்சை. நீ இருக்கும் ஜோகன்னஸ்பர்க் அப்படி இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரம், மேயிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம், இரவில் பனி உறையும், மழையும் இருக்காது. உன் வாசலில் இருப்பது கிக்குயு, கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பக்கத்திலிருந்து வந்த புல். பனி பட்டால் அதன் இலை கருகும். ஆனால் மண்ணுக்குள் ஓடும் தண்டும் வேரும் சாகாது. அங்கே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்துத்தான் செப்டம்பரில் மறுபடி துளிர்க்கும். அந்தச் சேமிப்பு நடப்பது இப்போதுதான், மார்ச்சும் ஏப்ரலும். ஆகவே இந்த வாரங்களில் நீ செய்வதெல்லாம் வேருக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்.

முதலில் வெட்டும் உயரம். மாப்பிள்ளை மெஷினை அடிமட்டத்தில் வைத்து ஒட்ட வெட்டுகிறார் என்று போட்டோவிலேயே தெரிகிறது. இனி ஒரு படி மேலே ஏற்றச் சொல். நாலு சென்டிமீட்டராவது நிற்கட்டும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலை இருந்தால்தான் வெயிலை வாங்கி வேருக்கு அனுப்ப முடியும். மொட்டை அடிப்பதெல்லாம் குளிர் போன பிறகு. இப்போது மொட்டை அடித்தால் துளிர்க்கவே சேமிப்பைச் செலவழித்துவிடும்.

அடுத்தது வேருக்குக் காற்று. கேட் பக்கம் கார் ஏறி இறங்கும் இடமும் பிள்ளைகள் ஓடும் தடமும் கல் மாதிரி இறுகியிருக்கும். மழை பெய்த மறுநாள் தோட்டத்து ஃபோர்க்கைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் குத்தி, லேசாக அசைத்து எடு. ஒரு சாண் தள்ளி இன்னொரு குத்து. முதுகு வலிக்கிற வேலைதான், ஆனாலும் இதைச் செய்யாமல் உரம் போட்டால் பாதி மேலேயே ஓடிவிடும்.

உரம் வாங்கும்போது பையில் 3:1:5 என்று போட்டிருக்கிறதா பார். முதல் எண் நைட்ரஜன், நடுவில் பாஸ்பரஸ், கடைசி பொட்டாசியம். குளிரைத் தாங்கும் பலம் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. சீக்கிரம் பச்சையாகும் என்று எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரத்தை யாராவது கையில் கொடுத்தால் வாங்காதே. அது வெறும் நைட்ரஜன் உரம், பொட்டாசியம் இல்லை. இந்த நேரத்தில் அதைப் போட்டால் இளந்துளிராகத் தள்ளும், முதல் பனியிலேயே பொசுங்கும். பையில் எழுதியுள்ள அளவைத் தாண்டாமல், புல் காய்ந்திருக்கும்போது சமமாகத் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடு. பங்குனி உத்திரக் காவடிக்கு முன்னாலேயே முடித்துவிட்டால் நல்லது. ஏப்ரல் நடுவைத் தாண்டிப் போட வேண்டாம்.

தண்ணீர் தினமும் தெளிக்காதே. வாரம் ஒரு தரம் ஆழமாக விடு. காலியான மீன் டின் ஒன்றைப் புல்லில் வை. அதில் ஓர் அங்குலம் சேர்ந்தால் போதும், மழை பெய்த வாரம் அதுவும் வேண்டாம். மார்ச் 31 வரை அங்கே காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஹோஸ் பைப் பிடிக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். விடியற்காலையில் விடு; இரவெல்லாம் இலை ஈரமாக நின்றால் பூஞ்சை வரும்.

இப்போது புழுவுக்கும் காலம். எங்காவது வட்டமாகக் காய்ந்து, சாயங்காலம் நடந்தால் சின்னச் சின்ன அந்துப்பூச்சி எழுகிறதா? தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதே. கோணிச்சாக்கை நனைத்து அந்த இடத்தில் ராத்திரி விரித்து வை. காலையில் மெல்லப் புரட்டினால் புழுக்கள் அடியில் நெளியும். சாக்கின் அடியில் கொத்துக்கொத்தாக இருந்தால் மட்டும் மருந்து. நாலைந்து இருந்தால் ஹடீடா பறவைக்கு விட்டுவிடு. விடியும்போது கத்துகிறதே என்று அதை விரட்டாதே, அந்த நீள மூக்கு மண்ணுக்குள் போய் எடுத்து வருவது உன் புல்லைத் தின்கிற புழுவைத்தான்.

பிளாக்ஜாக் களைச்செடியை அது விதை கட்டுமுன் வேரோடு பிடுங்கு. விழுந்த இலையை வாரிவிடு. பக்கத்து வீட்டார் குளிரிலும் பச்சையாக இருக்க ரை புல் விதைக்கச் சொல்லுவார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. மழையே இல்லாத மாதங்களில் அதற்குத் தண்ணீர் கொட்ட வேண்டும், வசந்தத்தில் அது கிக்குயுவை நெருக்கும். உன் புல் மஞ்சளாகிக் கிடக்கட்டும், தூங்குகிறது, அவ்வளவுதான்.

ஒரு வாசல் புல்லுக்கு அம்மா இவ்வளவு எழுதுகிறாளே என்று நினைப்பாய். 1960-களில் எங்களை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது வீட்டைச் சுற்றி வெறும் சரிவும் மண்ணும்தான். மழை பெய்தால் வாசல் கரைந்து கீழ்வீட்டுக்குப் போகும். உன் ஆயா பெரியா புல்லின் கொடியை விரல் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணில் படும்படி வரிசையாக ஊன்றினாள். அந்தப் புல் பிடித்த பிறகுதான் மண் நின்றது. நீ தவழ்ந்ததும் அதன்மேல்தான். உன் சொந்த மண்ணிலும் புல் நன்றாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பனி உறைந்த காலையில் பிள்ளைகளைப் புல்லில் ஓட விடாதே. மிதித்த இடம் கறுத்துப் போகும், வெயில் வந்து உருகட்டும். உரம் போட்ட அன்று தண்ணீர் விட்டுக் காயும்வரை நாயையும் கட்டி வை. சாக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன இருந்தது என்று போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா