அண்ணே, உங்கள் மருமகன் போலீஸில் சேரப்போகிறான்

அன்புள்ள அண்ணே,

அண்ணி மூலம் சேதி வந்திருக்கும். அதற்கப்புறம்தான் நீங்கள் என் மகன் போனை எடுப்பதில்லை. உங்களைக் கேட்காமல் சரி சொன்னதற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் தலையாட்டியிருப்பேன்.

2007 நவம்பர் 25 உங்கள் மனசில் இருக்கிறது. எனக்கும்தான். மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு இண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணி அது. ஜாலான் அம்பாங் சாலையில் போலீஸ் பீய்ச்சிய ரசாயனத் தண்ணீரில் நனைந்த உங்கள் சட்டையை அம்மா வாளியில் ஊறப்போட்டார். இரண்டு கசக்குக் கசக்கியதும் கை எரிகிறது என்று எழுந்துவிட்டார். குழாயடியில் உட்கார்ந்து நீங்கள் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். தவழ்ந்துவந்த இவன் அந்த வாளியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான். "பிள்ளையைத் தூக்கு!" என்று போட்டீர்களே ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்த்தது. அன்று இரவு யார் யார் நம் வீட்டில் தங்கினார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம்.

தீபாவளிக்கு முன்னே பாடாங் ஜாவாவில் கோயிலை இடித்தார்கள். தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு ஒழுங்கான வேலையில்லை. அதைக் கேட்கப் போனவர்களை நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்றார்கள். டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரை விசாரணையில்லாமல் அடைக்கிற இசா சட்டத்தில் பிடித்துக் காமுண்டிங் தடுப்பு முகாமில் வைத்தார்கள். என்ன ஆயிற்று? அந்த ஐவரில் ஒருவரான மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். அப்போது ஆண்ட தேசிய முன்னணிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போயிற்று. நம் ஆட்களின் கோபத்தை உளவுக் கோப்பில் வைத்துப் பூட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்றே தெரியாமல் போனது. 2012இல் இசா போய் சொஸ்மா என்ற புதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019இல் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை அதில் பிடித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வழக்கு வேண்டாமென்று சட்டத்துறைத் தலைவரே விட்டுவிட்டார். அதுவரை அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

இவ்வளவும் தெரிந்துதான் பிள்ளையை அனுப்புகிறேன். நம்மைப் பற்றிய கோப்பை எழுதுகிற இடத்தில் நம் வீட்டைத் தெரிந்த ஒருவனாவது வேண்டும். நாளைக்கு அவன் கையிலும் கேடயத்தைக் கொடுத்து நம் ஆட்களுக்கு எதிரே நிறுத்துவார்கள் என்பீர்கள். நிறுத்தலாம். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆனால் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்பது சுலபம் அண்ணே. உங்கள் பிள்ளைகள் எந்த வேலைக்கும் போகலாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியவன் இவன். அவன் வாழப்போவது இந்த நாட்டில். இங்கே எந்த வேலை நமக்கானது, எது இல்லை என்று நாமே பிரித்துக்கொடுத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

நீங்கள் அன்று போனது தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் போனதால்தான் இவன் தலை நிமிர்ந்து விண்ணப்பம் போடுகிறான் என்றே நினைக்கிறேன்.

என்மேல் உள்ள கோபம் என்னோடு இருக்கட்டும். தாய்மாமன் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், எடுங்கள்.

உங்கள் தங்கை
கிள்ளான்