போர்டிகோ விரிசல்: பூசுவதற்கு முன் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீடு-மனைப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, போர்டிகோவின் கான்கிரீட் பிளாக் அஸ்திவாரத்தில் விரிசல் கண்டால், அதை உளியால் சற்று அகலப்படுத்தி, பாலிமர் கலவையை அடைத்துப் பூசிவிட்டால் போதும் என்று கூறியிருந்தது. கட்டட ஆய்வைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. கலவையின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் விரிசலின் அகலமும் திசையும் அதன் ஓரங்களின் நிலையுமே அஸ்திவாரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சாட்சியம். காரணம் தெரிவதற்கு முன்பே உளி வைத்துவிட்டால், பின்னால் வருகிற பொறியாளர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

போர்டிகோவின் அஸ்திவாரமும் வீட்டின் அஸ்திவாரமும் ஒரே தரத்தவை அல்ல. வீட்டுக்கு ஆழமாகக் கடைக்கால் தோண்டிச் சுவரை எழுப்பிய பிறகு, பள்ளத்தில் எஞ்சிய இடத்தை வெட்டிய மண்ணைத் தள்ளியே மூடிவிடுகிறார்கள். அதை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கும் பொறுமை பல வேலைகளில் இருப்பதில்லை. பிறகு கட்டப்படும் போர்டிகோவின் பக்கச் சுவரில், வீட்டை ஒட்டிய முனை அந்தத் தளர்ந்த மண்ணின் மீதும், வெளி முனை ஆழம் குறைந்த அடித்தளத்தின் மீதும் நிற்கின்றன. இவற்றில் எது உட்கார்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெளி முனை இறங்கியிருந்தால், வீட்டுச் சுவரும் போர்டிகோவும் சேரும் இடத்தில் உள்ள பிளவு மேலே அகன்றும் கீழே குறுகியும் காணப்படும். வீட்டை ஒட்டிய முனை இறங்கியிருந்தால், வெளியே வழிந்தோடும்படி சாய்வு கொடுத்துப் போட்ட தரையில் இப்போது தண்ணீர் வாசற்படியை நோக்கி வரும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ரசமட்டமும் இருந்தால் இதை வீட்டுக்காரரே சோதித்துவிடலாம்.

சுவரின் நடுவே, கலவை இணைப்புகளை ஒட்டிப் படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் பெரும்பாலும் சுவரின் ஒரு பகுதி மற்றொன்றைவிட அதிகமாக இறங்கியதைக் காட்டுகிறது. விரல் நுனியால் அதன் இரு ஓரங்களையும் தடவிப் பார்த்தால், ஒரு பக்கம் வெளியே துருத்தி நிற்பதோ கீழே நழுவியிருப்பதோ கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். மாறாக, மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே அகலத்தில் நேராக இறங்கும் மயிரிழை விரிசல், பிளாக் காயும்போது சுருங்கியதால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். செங்கல்லை நனைப்பதுபோலவே கான்கிரீட் பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்டும் வழக்கம் இதற்கு முக்கியமான காரணம். ஊறிய பிளாக் சுவரில் அமர்ந்த பிறகுதான் சுருங்குகிறது. ஆனால் நேரான விரிசல் எல்லாமே சுருக்கத்தால் வந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சிமென்ட் மிகுந்த கலவையால் கட்டிய சுவரில் இணைப்பு பிளாக்கைவிட வலுவாகிவிடுவதால், அஸ்திவாரம் இறங்கும்போதும் விரிசல் இணைப்பைத் தவிர்த்துப் பிளாக்கையே பிளந்துகொண்டு போகும். கலவை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்னும் நம்பிக்கை பிளாக் சுவருக்குப் பொருந்தாது.

கிடைமட்ட விரிசலைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்ப்பேன். அது தளத்துக்கு நேர் கீழே, மேல் வரிசையில் இருந்தால், வெயிலில் தளம் விரிந்து சுவரை இழுத்திருக்கலாம்: 5 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் சுமார் 1.5 மி.மீ. நீளும். இது தொல்லையே தவிர ஆபத்தாக இருப்பது அரிது. சுவரின் உயரத்தில் பாதியளவில் விரிசல் ஓடி, அந்த இடத்தில் சுவர் வெளியே புடைத்திருந்தால் கதை வேறு. போர்டிகோவுக்குள் நிரப்பிய மண்ணில் நீர் இறங்கி, அதன் அழுத்தம் சுவரைத் தள்ளுகிறது என்பதே அதன் பொருள். உள்ளீடற்ற பிளாக்கின் துளைகளில் கம்பியும் கான்கிரீட்டும் இடாமல் கட்டியிருந்தால், அந்தத் தள்ளுதலைத் தாங்கும் வலு சுவருக்கு மிகக் குறைவு. சுவரின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நீர் உள்ளே போய் வருகிறது என்பது உறுதி.

அடுத்தது, விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்ற கேள்வி. உள்ளே பழைய பெயின்டும் தூசியும் ஒட்டடையும் இருந்தால், விரிசல் பெயின்ட் அடிப்பதற்கு முந்தியது. ஓரங்கள் கூராகவும் சுத்தமாகவும் இருந்தால் அண்மையில் விட்டது. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கும் பழைய முறை இன்றும் இருக்கிறது. ஆனால் கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்தது என்று மட்டுமே தெரியும், எந்தப் பக்கம், எவ்வளவு என்பது தெரியாது. ஆகவே ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்று சிறு ஆணிகளை முக்கோணமாக அறைந்து, அவற்றின் இடைவெளிகளைத் தேதியிட்டு வெர்னியர் அளவியால் குறித்துவருவதையே நான் பரிந்துரைப்பேன். விரிசல் கோடையில் விரிந்து மழைக்காலத்தில் மூடினால், அடியில் உள்ள களிமண் சுருங்கி உப்புகிறது. விரிந்துகொண்டே போனால் அஸ்திவாரம் இன்னும் இறங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஈரமும் வறட்சியுமான ஓர் ஆண்டின் சுழற்சி முழுவதும் அளந்தாக வேண்டும்.

அளவெடுக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. கூரை நீர் போர்டிகோவின் மூலையில் கொட்டினால் குழாயை நீட்டித் தொலைவில் விடலாம். சுவரோரத்து மண்ணை வெளிநோக்கிச் சரிவாக்கலாம். நான் பார்த்தவற்றில் பாதிக் கோளாறுக்கு மேல் மூலையில் கொட்டும் தண்ணீரில் தொடங்கியதே. விரிசல் 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, சுவர் புடைத்தாலோ, கூரையைத் தாங்கும் தூணுக்கு நேர் கீழே பிளந்திருந்தாலோ அளந்துகொண்டு காத்திருக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரை உடனே வரவழைக்க வேண்டும். கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் அடித்தளத்தைப் பார்க்கக் குழி தோண்டவும் கூடாது.

விரிசலை அடைக்கும் முறைகளைப் பற்றி மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, இந்த ஆணி முறையையும், மேலே சொன்ன விரிசல் வகைகளையும் படத்துடன் முதலில் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஆய்வாளர் ஒருவர்