அனுப்புநர் முகவரிக்குப் பச்சை டிக். மெயிலோ திரும்பி வருகிறது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: மெயிலிங் லிஸ்ட் அனுப்புநர் முகவரி அமைப்பில் கோளாறு, முடக்கிய முகவரிகளை விடுவிக்கக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

எங்கள் செய்திமடலை உங்கள் மெயில் சேவை வழியாக அனுப்புகிறோம். அந்தப் பட்டியலுக்குப் புது அனுப்புநர் முகவரி சேர்த்தோம். உறுதிப்படுத்தும் லிங்க்கைச் சொடுக்கியதுமே உங்கள் பேனல் பச்சை டிக் போட்டு, அனுப்பவும் விட்டுவிட்டது. அந்த லிங்க் காட்டுவதெல்லாம் அந்த இன்பாக்ஸ் எங்கள் கையில் இருக்கிறது என்பதைத்தான். எங்கள் டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரில், உங்கள் சர்வர் அனுப்பலாம் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

மெயிலின் அனுப்பல் விவரங்கள் உள்ள ஹெடரைப் பாருங்கள். பெறுபவர் காணும் அனுப்புநர் முகவரியான ஃப்ரம், எங்கள் டொமைன். திரும்பும் மெயில் போய்ச் சேரும் முகவரியான ரிட்டர்ன்-பாத் உங்களுடையது. டிகிம் (DKIM) என்ற டிஜிட்டல் கையெழுத்தில், கையெழுத்திடும் டொமைனைச் சொல்லும் 'டி=' இடத்திலும் உங்கள் டொமைன்தான். அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் (SPF) பாஸ், டிகிம் பாஸ், ஆனால் இவை ஃப்ரம்மோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டிமார்க் (DMARC) ஃபெயில்! எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் டொமைனோடு பொருந்தியிருக்க வேண்டும். எங்கள் டிமார்க் பாலிசி 'ரிஜெக்ட்' (பொருந்தாததை நிராகரி) என்பதால் ஜிமெயில் 550 5.7.26 என்ற பிழைக் குறியீட்டோடு திருப்பிவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலேயே ஜிமெயில் இந்தப் பொருத்தத்தை விதியாக்கிவிட்டது.

உங்கள் சப்போர்ட் சொன்ன வைத்தியம் இன்னும் மோசம்: எங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டில் புதிதாக ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு சேர்க்கச் சொன்னார்கள். ஒரே பெயரில் இரண்டு எஸ்பிஎஃப் இருந்தால் 'பெர்ம்எரர்', அதாவது நிரந்தரப் பிழை. எங்கள் அலுவலக மெயிலும் சேர்ந்து அடிவாங்கும். ஏற்கெனவே உள்ள வரியில் உங்கள் சர்வர்களை அனுமதிக்கும் 'இன்க்ளூட்' சேர்த்தாலும் பயனில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன்-பாத் டொமைனை, அது உங்களுடையது. தேவைப்பட்டது எங்கள் டொமைனுக்கான டிகிம் சிநேம் (CNAME, வேறு பெயருக்குச் சுட்டும்) ரெக்கார்டுகள், கூடவே ரிட்டர்ன்-பாத்துக்கு எங்கள் சப்டொமைன் ஒன்று. இவற்றை அமைக்கும் பக்கம் உங்கள் பேனலில் 'மேம்பட்ட அமைப்புகள்' என்பதற்குள், 'விருப்பத்தேர்வு' என்ற குறிப்போடு கிடக்கிறது.

இதைக்கூடப் பொறுக்கலாம். 5.7.26 என்பது அனுப்புநர் பக்கத்துக் குறை. பெறுபவர் முகவரியில் ஒரு பழுதும் இல்லை. அதை 'இல்லாத முகவரி'யோடு சேர்த்து ஹார்ட் பவுன்ஸாக (நிரந்தரமாகத் திரும்பியதாக) எண்ணி, நல்ல சந்தாதாரர்களையெல்லாம் தடைப்பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். டிகிம்மைச் சரிசெய்த பிறகும் அவர்களுக்கு மெயில் போவதில்லை. ஒவ்வொரு முகவரியாக நீக்கத்தான் பேனலில் வழி.

எனவே, 5.7.26 காரணமாக முடக்கப்பட்ட முகவரிகளை மொத்தமாக விடுவியுங்கள். திரும்பிய மெயில்களுக்கு எடுத்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். டொமைன் டிகிம் பொருந்தும்வரை பச்சை டிக் காட்டாதீர்கள். 7 வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வப் பதில் வேண்டும். ஹெடர், பவுன்ஸ் நகல்கள் இணைப்பில்.

இப்படிக்கு,
கட்டணச் சந்தாதாரர்