ஜாக்கி யாருடைய ஊழியர்?

ஆசிரியருக்கு,

குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்ததே, சூதாட்டம் அல்ல என்று சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் திறமைக்குச் சொந்தக்காரரான ஜாக்கி, அதாவது குதிரையை ஓட்டுபவர், மட்டும் யாருடைய ஊழியரும் இல்லை! சவாரிக்கு இவ்வளவு கூலி, ஜெயித்தால் பரிசில் ஒரு பங்கு, அவ்வளவுதான். 'சுயதொழில்' என்கிறார்கள். எப்படி ஓட்டுவது என்று பயிற்சியாளர் சொல்கிறார். தவறினால் ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள், தடை விதிக்கிறார்கள். இதில் சுயம் எங்கே?

ஓட்டம் நடக்கும்போதே பின்னால் ஆம்புலன்ஸ் வரும் தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா, தெரியவில்லை. அடிபட்டால் இழப்பீடு தர வேண்டிய முதலாளி யார்?

ரேஸ் கிளப்புகளுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம் பொருந்தும் என்று 2014-ல் பெங்களூரு டர்ஃப் கிளப் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் ஒரே நாளில் நாலு குதிரை உரிமையாளர்களுக்காக ஓட்டும் ஜாக்கிக்கு முதலாளி யார் என்ற சிக்கல் தனி. நியூயார்க் மாநிலம் 1990-லேயே இதற்கு வழி கண்டது: உரிமையாளர்களும் பயிற்சியாளர்களும் பணம் செலுத்தும் பொது நிதி, காய இழப்பீட்டைப் பொறுத்தவரை ஜாக்கி ஊழியரே. மற்ற விஷயங்களில் அவரை எப்படி வேண்டுமானாலும் அழைக்கட்டும். இங்கும் பரிசுத்தொகையிலிருந்து ஒரு சிறு பங்கைப் பிடித்து அப்படியொரு நிதியை ரேஸ் கிளப்புகள் தொடங்கலாமே?

- ஒரு வாசகர், சென்னை