உடற்கல்விப் பாடவேளையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கால அட்டவணைப்படி வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை உடற்கல்வி. சென்ற வியாழனன்று அவளுடைய கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பாடவேளையில் இரண்டு பக்கத்துக்குக் காரணிப்படுத்தும் கணக்குகள் போட்டிருந்தாள். விளையாடப் போகவில்லையா என்று கேட்டதற்கு, "பாடம் இன்னும் முடியலையாம்மா" என்றாள். இந்த ஆண்டில் அவள் மைதானத்தில் இறங்கிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உணவு விஷயத்தில் இந்த மாநிலம் செய்திருப்பதை நன்றியோடு நினைக்கிறேன். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் பரவலாகி, 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சத்துணவாக விரிந்து, பின்னர் முட்டையும் சேர்ந்து, 2022இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவு வரை வளர்ந்திருக்கிறது. நானும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள்தான். தட்டைக் குழாயடியில் கழுவி வைத்த கையோடு, மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் கோகோ ஆடுவோம். பள்ளிக்குப் போக வர நடை வேறு. என் மகளோ ஆட்டோவில் போய், வகுப்பில் உட்கார்ந்து, டியூஷனிலும் உட்கார்ந்து, இரவில் கைப்பேசியோடு உட்கார்கிறாள்.

ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடிக் குதிக்கும்போதுதான் எலும்பு உறுதிப்படுகிறது. உண்ட சோற்றின் சர்க்கரையை இயங்கும் தசைதான் நன்றாக எடுத்துக்கொள்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதியை நடைமுறைப்படுத்துவதும் அவசியமே. ஆனால் என் முதல் கவலை மைதானம்தான்.

தெருவில் ஆண் பிள்ளைகளாவது மட்டையோடு இறங்குகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணை விளையாட அனுப்ப எங்கள் தெருவில் எந்த வீடும் துணிவதில்லை, என் வீடும் சேர்த்துத்தான். அவளுக்கு இருக்கும் ஒரே மைதானம் பள்ளி மைதானம்.

ஆகவே, உடற்கல்விப் பாடவேளையை வேறு எந்தப் பாடத்துக்கும், தேர்வு நெருங்கினாலும், எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உறுதியாக ஆணையிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் வராத நாளில் வகுப்பாசிரியரே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லட்டும். கணக்குக்குக் கூடுதல் நேரம் தேவையென்றால் காலையில் வகுப்பு வையுங்கள். அரை மணி முன்னதாக அவளை அனுப்பிவைக்க நான் தயார்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்